சுகர் குறையலையா? டோஸைக் கூட்டும் முன் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்க!

வேளை தவறாமல் இன்சுலின் போட்டாயிற்று. சோறு அளவாகத்தான். காபியில் சர்க்கரை கிடையாது. மாலையில் நடைப்பயிற்சியும் உண்டு. அப்படியும் சுகர் ஒருநாள் 280, மறுநாள் 110, அதற்கடுத்த நாள் நள்ளிரவில் 55 என்று ஏறி இறங்குகிறது. ‘யாருக்கும் தெரியாம ஏதாவது இனிப்பு சாப்பிடுறாங்களோ?’ என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகம். ‘இந்த மருந்தே எனக்கு ஒத்துக்கலை’ என்று ஊசி போட்டுக்கொள்பவருக்குச் சலிப்பு. அடுத்த முறை மருத்துவரிடம் போனால், இன்சுலின் அளவு நாலு யூனிட் கூடுகிறது.

இப்படிப்பட்ட குழப்பத்தில் பெரும்பாலும் யாரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. அது, ஊசி போடும் தோல். தினமும் ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டு, அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்து, மெத்தென்று ஒரு மேடு உருவாகிவிடும். அதற்குள் போடும் மருந்து எப்போது ரத்தத்தில் கலக்கும், எவ்வளவு கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பிரச்சினை ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது, முக்கியமாக, என்ன செய்யக் கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

அது என்ன மேடு?

மருத்துவத்தில் இதற்கு ‘லிப்போஹைபர்ட்ரோபி’ என்று பெயர். எளிமையாகச் சொன்னால், ஊசி போடும் இடத்தில் வரும் கொழுப்புத் தடிப்பு. தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திசு வீங்கித் தடித்துப்போவதுதான் இது. சிலருக்கு எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் தெளிவாகத் தெரியும். சிலருக்குக் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. விரலால் அழுத்தித் தடவினால் மட்டும் சுற்றியுள்ள இடத்தைவிடக் கெட்டியாகவோ, ரப்பர் மாதிரியோ தட்டுப்படும்.

தொப்புளுக்கு இரண்டு பக்கமும், தொடையின் முன்பக்கமும்தான் இது அதிகம் வரும் இடங்கள். காரணம் எளிது. கைக்கு வசதியாக எட்டும் இடங்கள் அவைதான். சட்டையைக் கொஞ்சம் தூக்கினால், சேலையைக் கொஞ்சம் விலக்கினால் போதும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசர அவசரமாகப் போட்டுக்கொள்பவருக்கும் அந்த ஒரே இடம்தான் வசதி.

ஏன் வருகிறது?

முதல் காரணம், இன்சுலினே. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைப்பது மட்டும் இன்சுலினின் வேலை இல்லை. கொழுப்பைச் சேமித்து வைக்கும்படி கொழுப்புச் செல்களைத் தூண்டுவதும் அதன் இயல்பு. ஒரே இடத்தில் தினமும் இரண்டு, மூன்று வேளை இன்சுலின் இறங்கினால், அங்கே உள்ள கொழுப்புச் செல்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகிவிடும்.

இரண்டாவது காரணம், ஊசி குத்தும் காயம். கண்ணுக்குத் தெரியாத சின்னக் காயம்தான். ஆனால், நேற்றைய காயம் ஆறுவதற்குள் இன்றைக்கும் அதே இடத்தில் குத்து விழுந்தால், திசு பழைய நிலைக்குத் திரும்ப அவகாசமே கிடைப்பதில்லை.

மூன்றாவது, ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. ஒரு தடவை குத்தியதும் ஊசி முனையின் கூர்மையும், வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அதன் மேல் பூசியிருக்கும் பூச்சும் குறையத் தொடங்கிவிடும். அடுத்தடுத்த முறை அது தோலைக் கூடுதலாகக் கிழிக்கும். எத்தனை ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறார் என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த மூன்றிலும் நம் கையில் முழுமையாக இருப்பது, இடத்தை மாற்றுவதுதான்.

‘வலிக்கலையே, அப்புறம் என்ன பிரச்சினை?’

இந்தத் தடிப்பின் வில்லங்கமே அதுதான். அது வலிக்காது. சொல்லப்போனால், தடித்த இடத்தில் ஊசி போட்டால் மற்ற இடங்களைவிட வலி குறைவாகவே இருக்கும். ‘இந்த இடத்துல போட்டா தெரியவே மாட்டேங்குது’ என்று அதையே தேடிப்பிடித்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். குழந்தைகள்கூட, வலிக்காத அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே போடப்போட தடிப்பு இன்னும் பெருக்கும்.

ஆனால், இன்சுலின் வேலை செய்ய அது ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆரோக்கியமான கொழுப்புத் திசுவிலிருந்து அது ஓரளவு கணிக்கக்கூடிய வேகத்தில் ரத்தத்தில் கலக்கும். தடித்த திசுவிலிருந்து அப்படிக் கலப்பதில்லை. ஒருநாள் தேங்கி நிற்கும். இன்னொரு நாள் எதிர்பாராத நேரத்தில் இறங்கும்.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று ஜெர்மனியில் நடந்து, 2016-ல் வெளியானது. முதல் வகை நீரிழிவு உள்ள 13 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரே நபருக்கு, ஒரே அளவு இன்சுலின். ஒருமுறை தடித்த இடத்தில், இன்னொரு முறை நல்ல இடத்தில். தடித்த இடத்தில் போட்டபோது ரத்தத்தில் சேர்ந்த இன்சுலின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. சாப்பிட்ட பிறகான சர்க்கரை அளவு 26 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது.

இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது. நல்ல இடத்தில் போடும்போது, ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையே இன்சுலின் சேரும் அளவில் இருந்த ஏற்ற இறக்கம் சுமார் 11 சதவீதம். தடித்த இடத்தில் அது 50 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது, ‘கொஞ்சம் குறைவாக வேலை செய்கிறது’ என்றால் அதற்கேற்ப டோஸைக் கூட்டிச் சமாளிக்கலாம். ‘இன்றைக்கு எப்படி வேலை செய்யும் என்றே தெரியாது’ என்றால் எந்த டோஸாலும் சமாளிக்க முடியாது.

டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். எப்படி?

ஒருவர் பல மாதங்களாகத் தொப்புளுக்கு இடதுபக்கம் தடித்த இடத்தில் 20 யூனிட் போட்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியாகச் சேராததால் சுகர் குறையவில்லை. மருத்துவரிடம் போகிறார். ரிப்போர்ட்டில் சுகர் அதிகம். ‘ஊசி ஒழுங்கா போடுறீங்களா?’ என்ற கேள்விக்கு, ‘ஒருநாளும் விட்டதில்லை டாக்டர்’ என்கிறார். அது உண்மையும்கூட. கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், சட்டையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருப்பதில்லை. பெண்களுக்குக் கூச்சம் வேறு. டோஸ் 24 ஆகிறது. அடுத்த முறை 28. அப்புறம் 32.

ஒருநாள் அவர் வெளியூரில் கல்யாண வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஊசி போட்டுவிடும் உறவினர், ‘தொடையில போடுறேன்’ என்கிறார். அங்கே இதுவரை ஊசியே படாத, ஆரோக்கியமான தோல். 32 யூனிட்டும் முழுதாக வேலை செய்கிறது. அவர் உடம்புக்கு உண்மையில் தேவைப்பட்டதோ அதைவிடக் குறைவு. சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறத் தொடங்குகிறது.

இதுதான் தாழ் சர்க்கரை. சுகர் அதிகமாக இருப்பது ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்றால், சுகர் சட்டென்று இறங்குவது சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலோ, தூக்கத்தில் இருந்தாலோ ஆபத்து இன்னும் பெரிது.

எவ்வளவு பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கு?

இது யாருக்கோ எப்போதோ வரும் பிரச்சினை அல்ல. ஸ்பெயினில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 430 பேரின் ஊசி இடங்களைச் செவிலியர்கள் நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் 64 சதவீதம் பேருக்குத் தடிப்பு இருந்தது. தடிப்பு இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியாத தாழ் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. தடிப்பு இல்லாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 6 சதவீதம் மட்டுமே. தடிப்பு இருந்தவர்கள் சராசரியாக ஒருநாளைக்கு 56 யூனிட் இன்சுலின் போட்டார்கள். இல்லாதவர்கள் 41 யூனிட்.

அதே ஆய்வு நல்ல செய்தி ஒன்றையும் சொல்கிறது. இடத்தை முறையாக மாற்றிப் போட்டவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் தடிப்பு இருந்தது. தடிப்பு இருந்தவர்களில் 98 சதவீதம் பேர் இடத்தை மாற்றவே இல்லை, அல்லது தவறாக மாற்றினார்கள்.

நம் ஊருக்கு இது எவ்வளவு முக்கியம்? சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேர். எல்லோரும் இன்சுலின் போடுவதில்லை. பெரும்பாலானோர் மாத்திரையில்தான் இருக்கிறார்கள். ஆனாலும், இன்சுலின் குப்பியோ பேனாவோ ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் வீடு உங்கள் தெருவிலேயே சில இருக்கும். ஒருவேளை அது உங்கள் வீடாகவே இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி முன் நின்று பார்ப்பது முதல் படி. வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் விழும்படி நின்றால் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். ஆனால், பார்த்தால் மட்டும் போதாது. விரல்தான் இங்கே முக்கியம்.

* கையில் கொஞ்சம் சோப்பு நுரையோ லோஷனோ தடவிக்கொள்ளுங்கள். குளிக்கும் நேரம் இதற்கு வசதி.
* ஊசி போடாத இடத்திலிருந்து தொடங்கி, ஊசி போடும் இடத்தை நோக்கி விரல் நுனிகளால் மெதுவாக அழுத்தி வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கே மிருதுத்தன்மை மாறிக் கெட்டியாகிறது என்று கவனியுங்கள்.
* சந்தேகமான இடத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். நல்ல இடத்தில் மெல்லிய மடிப்பாக வரும். தடித்த இடத்தில் மடிப்பு வராது. அல்லது கனமாக வரும்.
* இடது, வலது இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.
* தடிப்பு தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டவும், பிறகு குறைகிறதா என்று பார்க்கவும் உதவும்.

அம்மாவோ அப்பாவோ இன்சுலின் போடுகிறவர் என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். ‘எங்கம்மா போடுறீங்க, காட்டுங்க பார்ப்போம்’ என்று கேட்டால், எப்போதும் ஒரே இடத்துக்கு விரல் போகிறதா என்று தெரிந்துவிடும்.

எங்கே போடணும், எப்படி மாத்தணும்?

இன்சுலின் போட ஏற்ற இடங்கள் நான்கு: வயிறு, தொடையின் முன் மற்றும் வெளிப்பக்கம், பிட்டத்தின் மேல்பகுதி, மேல்கையின் பின்பக்கம். தொப்புளை ஒட்டியும், மச்சம், தழும்பு உள்ள இடங்களிலும் போடக் கூடாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுவது நல்லது.

‘மாத்தித்தான் போடுறேன். காலையில இடதுபக்கம், ராத்திரி வலதுபக்கம்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது இரண்டு இடம்தான். இரண்டு பக்கமும் தடிப்பு வர அதுவே வழி. மாற்றுவது என்றால் இப்படி:

வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேல் இரண்டு, கீழ் இரண்டு. ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு ஊசிக்கும் இடையே குறைந்தது ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலம், இடைவெளி வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம். அடுத்த வாரம் கடிகாரம் சுற்றும் திசையில் அடுத்த கட்டம். இப்படிச் சுற்றி வந்தால், ஒரு புள்ளியில் ஊசி பட்டால் மீண்டும் அங்கே வர நான்கு வாரம் ஆகும். தோல் ஆறுவதற்கு அந்த அவகாசம் போதும். தொடையையும் இதேபோல இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மருந்து ரத்தத்தில் சேரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். பழைய வகை இன்சுலின் வயிற்றில் போட்டால் வேகமாகவும், தொடையில் போட்டால் மெதுவாகவும் சேரும். அதனால் காலை ஊசி இன்று வயிற்றில், நாளை தொடையில், மறுநாள் கையில் என்று தாவினாலும் சுகர் ஏறி இறங்கும். ஒரு வேளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள் புள்ளியை மாற்றுவதே சரி. எந்த வேளைக்கு எந்தப் பகுதி என்பதை, உங்கள் இன்சுலின் வகையைப் பொறுத்து மருத்துவர் சொல்வார்.

நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்றால், செல்போனில் வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் போதும்: ‘இந்த வாரம் வலது மேல்’. பெரியவர்களுக்கு, தினசரி காலண்டரில் கட்டத்தின் எண்ணை எழுதி வைத்துவிடலாம்.

ஊசி முனை: நீளமும் எண்ணிக்கையும்

நீளமான ஊசி போட்டால்தான் மருந்து நன்றாக இறங்கும் என்ற நம்பிக்கை இன்னமும் இருக்கிறது. அது தவறு. ஒல்லியோ குண்டோ, பெரியவர்களின் தோலின் தடிமன் சராசரியாக 2 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் பேனா வகைக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே பெரியவர்கள் எல்லோருக்கும் போதும் என்கின்றன 2016-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள். நேராக, செங்குத்தாகக் குத்தலாம். சிரிஞ்சில் ஊசி நீளம் அதிகம் என்பதால் தோலை மடித்துப் பிடித்துப் போட வேண்டும். இல்லையென்றால் மருந்து தசைக்குள் இறங்கி, தேவையைவிட வேகமாக வேலை செய்துவிடலாம்.

பேனா ஊசி முனைகள் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை. செலவு காரணமாக ஒரே முனையை வாரக்கணக்கில் பயன்படுத்துவது நம் ஊரில் சர்வ சாதாரணம். தினம் நான்கு ஊசி போடும் ஒருவருக்கு மாதத்துக்கு 120 முனை என்றால், மருந்துக் கடை பில் கூடத்தான் செய்யும். ஆனால், முனை மழுங்கினால் தடிப்பு வரும். தடிப்பு வந்தால் இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். முனையில் மிச்சம் பிடித்த காசு மருந்தில் போய்விடும். ஒவ்வொரு முறையும் மாற்ற முடியவில்லை என்றால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் நிலைமைக்கு எது முடியும் என்று அவர் வழி சொல்வார். ஒருவருடைய ஊசியையோ பேனாவையோ இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

சில சின்ன விஷயங்களும் உதவும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே போட்டால் எரிச்சல் தரும். சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடலாம். பேனாவில் பட்டனை அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். துணிக்கு மேலாகக் குத்தாதீர்கள். பயன்படுத்திய முனைகளை, தடிமனான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். குப்பையில் கைவைக்கும் தூய்மைப் பணியாளரின் விரலும் விரல்தானே.

தடிப்பு வந்தாச்சு. இப்போ என்ன செய்யறது?

முதலில், அந்த இடத்தில் ஊசி போடுவதை நிறுத்த வேண்டும். ஆனால், இந்தக் கட்டுரையைப் படித்த கையோடு இன்றிரவே அதே டோஸை வேறு இடத்தில் போட்டுவிடாதீர்கள். மேலே பார்த்த கல்யாண வீட்டுக் கதை அப்படித்தான் நடந்தது.

நல்ல இடத்துக்கு மாறும்போது இன்சுலின் முழுதாக வேலை செய்யும் என்பதால், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். பலருக்கு 20 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைக்க நேர்கிறது. எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். எனவே, முதலில் அவரிடம் தடிப்பைக் காட்டிவிட்டு, புதிய டோஸ் என்ன என்று கேட்டுக்கொண்டு மாறுங்கள். தாமதமாகும் என்பதற்காக இன்சுலினையே நிறுத்திவிடுவதும் ஆபத்து. குறிப்பாக முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு.

மாறிய முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட அடிக்கடி சுகர் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே போனால், அல்லது வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால், உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

தடிப்பு மறையுமா? ஊசி படாமல் விட்டால் பெரும்பாலும் குறையும். சிலருக்குச் சில வாரங்கள், பலருக்குப் பல மாதங்கள். அதுவரை வலிக்காத பழைய இடத்துக்கே திரும்பிப் போகும் ஆசை வரும். புதிய இடத்தில் கொஞ்சம் சுருக்கென்று இருப்பது, அங்கே தோல் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே கொழுப்புத் தடிப்புதானா?

இல்லை. இன்சுலினுக்கும் தோலுக்குமான சிக்கல் இன்சுலின் அளவுக்கே பழையது. 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. மருந்து போதுமான அளவு சுத்திகரிக்கப்படாததால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டானது. மேலும் சுத்திகரித்து, சில நாட்கள் கழித்துப் போட்டபோதுதான் பலன் கிடைத்தது.

பிறகு பல ஆண்டுகளுக்கு மாடு, பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்டது. அப்போது ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து குழி விழுவது அதிகமாக இருந்தது. உடலின் எதிர்ப்பு சக்தி அந்த மருந்தோடு மோதுவதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரான மனித இன்சுலினுக்கு அமெரிக்கா 1982-ல் அனுமதி தந்தது. அது பரவலான பிறகு குழி விழுவது அரிதாகிவிட்டது. தடிப்பு மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் மருந்தின் மாசு இல்லை, ஊசி போடும் பழக்கம்.

அரிதாக இன்னொன்றும் வரும். இன்சுலின் புரதமே தோலுக்கு அடியில் படிந்து, ‘அமிலாய்டு’ எனப்படும் கெட்டிக் கட்டியாக மாறும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பற்றி 2020 செப்டம்பரில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பார்க்கக் கொழுப்புத் தடிப்பு போலவே இருக்கலாம். ஆனால், ஊசி போடுவதை நிறுத்தினாலும் எளிதில் குறையாது. அதனால், மாதங்கள் கடந்தும் குறையாத கெட்டிக் கட்டியை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். சிவந்து, சூடாகி, வலித்து, சீழ் வைத்தால் அது தொற்று. அதற்குக் காத்திருக்கவே கூடாது. எப்போதாவது ஒரு நீலத் தழும்பு, ஒரு சொட்டு ரத்தம் வருவது சாதாரணம்.

இன்சுலின் போடாதவங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். உடல் எடைக்காகவும் நீரிழிவுக்காகவும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு, டிர்ஸெபடைடு ஊசிகள் இப்போது இளைஞர்களிடையேயும் பரவிவருகின்றன. இவற்றுக்கும் ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்ற வேண்டும் என்றே சொல்லப்படுகிறது. இன்சுலினைப் போல இவை கொழுப்பைத் தூண்டுவதில்லை. வாரத்துக்கு ஒரு குத்துதான். ஆனாலும், ஒரே இடத்தில் போட்டால் எரிச்சல், சிவப்பு, முடிச்சு வரலாம். இன்சுலினும் இந்த ஊசியும் இரண்டுமே போடுகிறவர்கள், இரண்டையும் பக்கத்து பக்கத்தில் போடக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் கர்ப்பிணிகள் சிலருக்கு மாதக்கணக்கில் தேவைப்படும். இடம் மாற்றாவிட்டால் வயிறெங்கும் ரத்தக்கட்டு படரும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுகிறவர்களுக்கும், வளர்ச்சி ஹார்மோன் போடும் குழந்தைகளுக்கும் இதே விதிதான். இன்சுலின் பம்ப் பொருத்தியவர்களும் தப்பவில்லை. குழாய் செருகும் இடத்தை இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது...

இன்சுலின் போடுகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரோ செவிலியரோ ஊசி இடத்தைத் தொட்டுப் பார்க்கும்படி கேட்க வேண்டும். ஏற்கெனவே தடிப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும். அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் ஆரம்பியுங்கள். கூச்சமாக இருந்தால், எடுத்து வைத்த படத்தைக் காட்டுங்கள். பெண் செவிலியர் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான்: நான் போடும் இடம் நன்றாக இருக்கிறதா? எந்த வேளைக்கு எந்தப் பகுதியில் போடணும்? இடம் மாறினால் என் டோஸ் எவ்வளவு குறையணும்? எனக்கு எந்த நீள ஊசி சரி?

‘டோஸைக் கூட்டலாம்’ என்று மருத்துவர் சொல்லும் நாளில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘டாக்டர், அதுக்கு முன்னாடி இந்த இடத்தை ஒருதடவை தொட்டுப் பார்த்துடுறீங்களா?’